தீர்த்தத்துக்கு ஒதுங்கிய டிரெய்லர்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12ஆம் நாள், வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, பரமத்தியிலிருந்து ஜேடர்பாளையம் செல்லும் சாலையில், கொம்புக்காட்டுப்புதூர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு இருநூறு மீட்டர் முன்பாக, முப்பத்தெட்டு டன் எடையுள்ள மின்மாற்றியை ஏற்றிவந்த டிரெய்லரின் இடப்பக்க டயர்கள் பதினாறும் சாலையோரச் சேற்றில் அச்சுவரை புதைந்தன. யாருக்கும் காயமில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னவர், அதற்கு வழிக்காவலாக முன்னால் ஜீப்பில் வந்த உதவிப் பொறியாளர் மஞ்சுளா.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிறர் எழுதுவதற்குமுன் தானே எழுதிவிட வேண்டும் என்று மஞ்சுளா அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

நடந்தது இதுதான். அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை குடமுழுக்கு. அதற்காகக் காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு நூற்றிருபது பெண்கள் மேளத்தோடு எதிரே வந்தார்கள். சாலையோ குறுகல், டிரெய்லர் ஒன்றே அதில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டது. தீர்த்தக்குடத்தைத் தலையில் ஏற்றிவிட்டால் கோயிலில் இறக்கும்வரை தரையில் வைக்கக் கூடாது. வழியில் நிற்கவும் கூடாது. பத்தொன்பது வயதில் தன் ஊரில் அதே குடத்தைச் சுமந்தவள் மஞ்சுளா. ஈர மஞ்சள் சேலையும் வெறுங்காலுமாக முதல் வரிசை நெருங்கியதும் அவளுக்கு மனம் கேட்கவில்லை.

ஓட்டுநர் சென்றாயன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். இருபத்தாறு ஆண்டுகளாகக் கனரக வண்டி ஓட்டுபவர். "ஓரம் கட்டட்டுங்களா மேடம்? மண்ணு பாக்கறதுக்குக் காஞ்சுதான் கெடக்குது. ஆனா எறங்கி மிதிச்சுப் பாக்கலீங்க."

"கட்டுங்கண்ணா. தீர்த்தம் நிக்கக் கூடாது."

அந்த ஓரத்தில் கிடந்தது கோடையில் ஏரியிலிருந்து அள்ளிவந்து கொட்டிய வண்டல் மண். மேலே அப்பளம்போலக் காய்ந்திருந்தது. அடியிலோ, ஒரு வாரத்து மழையும் வாய்க்கால் கசிவும் சேர்ந்து அதைக் களியாக்கி வைத்திருந்தன. கடைசிக் குடம் கடந்துபோகும்வரை வண்டி அசையாமல் நின்றது. சென்றாயன் மறுபடி இஞ்சினை முடுக்கியபோதுதான், எருமை குட்டையில் இறங்குவதுபோல இடப்பக்கமாக மெல்ல, சிறிதும் சத்தமின்றி அமர்ந்தது.

மின்மாற்றியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமான சாய்வுக்காட்டி ஒன்று ஒட்டியிருந்தது. பதினைந்து பாகைக்கு மேல் சாய்ந்தால் அந்த வெள்ளை வட்டம் சிவந்துவிடும். ஒருமுறை சிவந்தால் மறுபடி வெளுக்காது. மின்மாற்றி வந்த வழியே தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கட்டி முடித்துக் காத்திருந்த துணைமின் நிலையம் அதன்பின் குறைந்தது எட்டு மாதம் பூட்டியே கிடக்கும். குறைந்த மின்னழுத்தத்தால் மோட்டார்கள் எரிந்துபோகும் பன்னிரண்டு ஊர்கள் இன்னொரு கோடையையும் அப்படியே கழிக்கும். அவற்றில் கொம்புக்காட்டுப்புதூரும் ஒன்று. மஞ்சுளா ஓடிச்சென்று பார்த்தாள். வட்டம் வெள்ளையாகவே இருந்தது. மேற்கொண்டு எவ்வளவு சாயலாம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

தலைக்கு மேல் மின்கம்பி ஓடியதால் கிரேன் நிறுத்த வழியில்லை. கோயில் கமிட்டித் தலைவர் குருமூர்த்தி, நெற்றிச் சந்தனம் உலர்வதற்குள், இரண்டு பொக்லைனையும் நான்கு டிராக்டரையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எங்க தீர்த்தத்துக்கு ஒதுங்கப் போயி இப்புடி ஆயிப்போச்சுங்களே! மனசு கேக்கலீங்க. முன்னால கட்டி ஒரே இழு. பத்து நிமிசத்துல ரோட்டுல நிக்கும்."

"நம்ம கரண்டுக்கு வார பெட்டிங்களே, உட்டுருவமா?" என்றார் டிராக்டர்க்காரர் ஒருவர்.

சாலையை ஒட்டிய மஞ்சள் காட்டுக்கு உரியவரான அங்காளம்மாள், களைக்கொத்தும் கையுமாக வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். "ஏனம்மிணி, ரோடு அத்தன நீளத்துக்குக் கெடக்குது. ஒதுங்கறதுக்கு என்ற மஞ்சக்காடுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்?"



சென்றாயன் மஞ்சுளாவைத் தனியே அழைத்தார். "மேடம், இவிங்க இழுத்தாங்கன்னா வண்டி வந்துரும். மேல இருக்கறது வருமான்னு தெரியாது. திருச்செங்கோட்டுல வேலுமணின்னு ஒருத்தரு இருக்கறாருங்க. போர் போடற ரிக் வண்டி எங்க சிக்குனாலும் அவரத்தான் கூப்புடுவாங்க. போன் பண்ணட்டுங்களா?"

பத்து இருபதுக்கு வேலுமணி வந்தார். ஒல்லியான உருவம்; ஐம்பத்தைந்து வயது. காக்கிச் சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டிருந்தார். அவருடைய பழைய மீட்பு லாரியின் பின்னால் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் இருந்தது. வந்தவர் வண்டியைப் பார்க்கவில்லை. முதலில் சாலையில் சாக்குகளை விரித்தார். சங்கிலிகளை நீளவாரியாகவும், கொக்கிகளைக் கனவாரியாகவும், ஜாக்கிகளைத் தூக்கும் திறன்வாரியாகவும் அடுக்கினார். அடுக்கியவற்றை வாய்விட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. இரும்புத் தகடு எட்டு, ரயில்பாதைச் சிலீப்பர்க்கட்டை முப்பது ஆகியவற்றின் கணக்கு வேறு. கருவிப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடுகிற ஆட்களையே பத்தாண்டாகப் பார்த்துப் பழகிய மஞ்சுளாவுக்கு, அந்தச் சாக்குவரிசையைக் கண்டதும் அன்று காலையில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

பிறகு கடப்பாரையோடு சேற்றில் இறங்கினார். ஓர் அடிக்கு ஒருமுறை குத்தி, உள்ளே போன ஆழத்தைப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டார். கெட்டியான இடத்துக்குக் குச்சியில் வெள்ளைத் துணி. இளகிய இடத்துக்குச் சிவப்பு. அரைமணி நேரம் குத்திக்கொண்டே இருந்தார்.

குருமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்ணா, நீங்க வண்டி எடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானுங்க" என்றார் வேலுமணி நிமிராமலே. "அவசரப்பட்டுப்போட்டுப் பொறவு காலம்பூரா இழுத்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது பாருங்க."

கூட்டம் சிரித்தது. அங்காளம்மாள்கூட வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். வேலுமணி அவர் பக்கம் திரும்பினார். "இந்த ஓரத்துல தூர்த்த கெணறு ஏதாச்சும் இருக்குங்களா?"

"கெணறு அக்கட்ட, தென்னைக்குக் கீழ இருக்குது. இங்க ஒண்ணும் இல்ல."

கடைசி அச்சுக்கு ஏழடி பின்னால் கடப்பாரை ஓரடியிலேயே 'டங்' என்று கல்லில் தட்டியது. அங்கே வெள்ளைத் துணி ஏறியது.

கரையேறியவர் மஞ்சுளாவிடம் வந்தார். "அம்மிணி, முன்னால இழுத்தா ஒவ்வொரு டயரும் புதுச் சேத்துல முங்கும். போன தடத்துலயே பின்னால கொண்டாரோணும். அதுக்கு முந்தி, நின்ன தண்ணிய வடிக்கோணும். ஒவ்வொரு அச்சா ஜாக்கி வெச்சுத் தூக்கி, அடியில கட்டையும் தகடும் போடோணும். சாயங்காலம் ஆயிரும். மழைக்கு முந்தி முடிப்பமான்னு சொல்ல மாட்டேன். சரியா முடிப்போம். பொக்லைன்காரங்க சொல்றதும் பொய்யில்லீங்க, பத்து நிமிசந்தான். எது வேணும்னு நீங்கதான் சொல்லோணும்."

கொல்லிமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. காலையில் ஒரு நொடியில் சொன்ன பதிலின் விளைவு கண்முன் சாய்ந்துகிடந்தது. இந்த முறை மஞ்சுளா சேற்றைப் பார்த்தாள்; குச்சிகளைப் பார்த்தாள்; சிவப்புத் துணிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். முன்பக்கத்தில் பதினொன்று இருந்தன, பின்பக்கத்தில் மூன்றே.

"பின்னாலயே எடுங்கண்ணா."

தண்ணீரை வடிக்க அங்காளம்மாளின் காட்டுக்குள் கால்வாய் வெட்ட வேண்டியிருந்தது. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த மஞ்சள் இரண்டு வரிசை போகும். கேட்பதற்கு எல்லோரும் தயங்கினார்கள். அவரே களைக்கொத்தை ஓங்கி முதல் வெட்டை வெட்டினார். "என்னத்தப் பாக்கறீங்க? போன வருசம் மோட்டாரு காயலு எரிஞ்சு பாதிக்காடு காஞ்சுதே, அப்ப ஆரு வந்து கேட்டீங்க? வெட்டுங்க. வளைச்சு வெட்டாதீங்க, நேரா வெட்டுங்க!"

தண்ணீர் வடிகிற நேரத்தில் வேலுமணி, கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு ஒன்றை எடுத்தார். மின்மாற்றியின் முன்முகத்தில் உயரே நூலைக் கட்டி, சரியாக ஒரு மீட்டருக்குக் கீழே குண்டைத் தொங்கவிட்டார். காற்றில் ஆடாமலிருக்கக் குண்டு டிரெய்லர் தளத்தில் வைத்த ஒரு வாளித் தண்ணீரில் முங்கியிருந்தது. பதினைந்து பாகைக்கு நூல் எங்கே வந்து நிற்கும் என்று மஞ்சுளா கைப்பேசியில் கணக்கிட்டுச் சொன்னாள். அவர் அதற்கு இரண்டு விரல் இப்பாலேயே மின்மாற்றியின்மேல் சிவப்புச் சாக்பீசால் கோடு கிழித்தார். நூலுக்கும் கோட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது.

"நீங்க வேறெதையும் பாக்காதீங்க அம்மிணி. இந்த நூலு ஒண்ணுதான். ஒவ்வொரு இழுப்புக்கும் கோட்டுக்கு இன்னும் எத்தன விரலுன்னு சத்தமாச் சொல்லுங்க. உங்க சத்தம் நின்னா வின்ச்சும் நிக்கும்."

அன்றைய பகல் முழுவதும் மஞ்சுளா, சாலையில் கெட்டியான இடத்தில் நின்று, வேறு எதையும் பார்க்கவில்லை. டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைத்தார்கள். முதல் அச்சு ஏறியது, கட்டை போனது, தகடு போனது. இரண்டாவது ஏறியது. ஜாக்கிக்கு அடியில் கட்டை நசுங்கினால் வேலுமணி சலித்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து அடுக்குவார். பிரித்த பொருள் ஒவ்வொன்றும் சாக்கில் அதனதன் இடத்துக்கே திரும்பியது. டிராக்டர்க்காரர்கள் கேலியை நிறுத்திவிட்டுக் கட்டை சுமக்கத் தொடங்கினார்கள். தாங்கள் எடுப்பதையும் வைப்பதையும் யாரும் சொல்லாமலே எண்ணத் தொடங்கினார்கள்.

இரண்டரை மணிக்கு மீட்பு லாரியைச் சாலையில் நேராக நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, இரும்புக் கயிற்றை டிரெய்லரின் பின்புறத்தில் பூட்டினார்கள். கயிறு அறுந்தால் எட்டக்கூடிய தூரத்துக்கு அப்பால் கூட்டத்தை விலக்கி, வேலுமணி சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கோட்டைத் தாண்டிய குருமூர்த்தியையும் பெயர் சொல்லித் திருப்பி அனுப்பினார். சென்றாயன் பின்கியர் போட்டுக் காத்திருந்தார்.

வின்ச் முனகியது.

"நாலு!" என்றாள் மஞ்சுளா. "நாலு... அஞ்சு... அஞ்சரை!"

சேறு டயர்களை விட்டபோது நீண்ட உறிஞ்சலாக ஒரு சத்தம் வந்தது. வண்டி ஓரடி, நாலடி, ஏழடி பின்னால் நகர்ந்தது. "ஆறு! ஆறரை!" கூட்டத்தில் சீழ்க்கை பறந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அப்போது கல் உடைகிற சத்தம் கேட்டது. கடைசி அச்சின் இடப்பக்கம் சட்டென்று இறங்கியது. நூல் கோட்டை நோக்கிப் பாய்ந்தது.

"நிறுத்துங்க!"

வின்ச் அந்தக் கணமே நின்றது.

"உடாதீங்க! வந்துருச்சுங்க! ஒரே இழுப்பு!" என்று குருமூர்த்தி கத்தினார். இருபது குரல்கள் அவரோடு சேர்ந்துகொண்டன. வேலுமணி கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மிணி, எத்தன விரலுங்க?"

வாளியில் தண்ணீர் அலைந்தது. அது அடங்கும்வரை மஞ்சுளா பொறுத்தாள். "ஒண்ணுண்ணா. ஒரு விரல்."

"அப்ப இன்னிக்கு இந்த வின்ச்சு இதுக்கு மேல ஒரு அங்குலம் சுத்தாதுங்க" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பூட்டைப் போட்டார். "அடியில என்ன இருக்குதுன்னு தெரியறவரைக்கும்."

சேற்றில் மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவினார். உடைந்த பலகைக்கல்லுக்குக் கீழே அவர் கை தோள்வரை வெற்றிடத்தில் போனது.

அங்காளம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, பழைய மடை! என்ற மாமனாரு காலத்துல ரோட்டுக்கு அடியில வாய்க்காத் தண்ணி வந்த மடை. பைப்பு போட்டதும் கல்லு வெச்சு மூடுனது."

"ஏனுங்க்கா, காலைல கேட்டாரே!" என்றார் சென்றாயன்.

"கெணறுதானே கேட்டாரு? மடைய ஆரு கேட்டா?"

வேலுமணி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மஞ்சுளாவின் எதிரே வந்து நின்றார். தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லவில்லை. "தப்பு அவுங்க மேல இல்லீங்க. கடப்பாரை கல்லுல தட்டுச்சு. கெட்டின்னு வெள்ளத் துணி கட்டிப்போட்டேன். கல்லுக்கு அடியில என்னன்னு பாக்கல. என்ற தப்பு."

முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் நூறு பேருக்கு நடுவே அதைச் சொன்ன நேர்மை மஞ்சுளாவைத் தொட்டது. "மேல்மண்ணப் பாத்துட்டு எறங்கச் சொன்னது நானுங்கண்ணா" என்றாள். அவர் தலையசைத்தார். இருவரும் மறுபடி பள்ளத்தருகே போனார்கள்.

பள்ளத்தின் குறுக்கே பாலம்போல எதையாவது போட்டால்தான் ஜாக்கி நிற்கும். முப்பது கட்டைகளும் முன் அச்சுகளுக்கு அடியில் மாட்டிக்கிடந்தன. ஒன்றை உருவினாலும் வண்டி சாயும். நீளமான மரம் வேண்டும், நிறைய வேண்டும் என்றார் வேலுமணி.

குருமூர்த்தி கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கோபுரத்துல சாரம் பிரிச்ச சவுக்கு மரம் கோயில் பொறத்தால அடுக்கிக் கெடக்குதுங்க. நூத்துக்கு மேல இருக்கும். ஆவுங்களா?" என்று கேட்டார்.

"ஆவுங்களாவா? அதுதானுங்க வேணும்!"

மரங்களைக் கொண்டுவர டிராக்டரால் முடியவில்லை. டிராக்டர்கள் டிரெய்லருக்கு முன்னால் நின்றன; பின்னால் கோயிலுக்குப் போகும் சாலையை டிரெய்லரும் மீட்பு லாரியும் அடைத்திருந்தன. கோயிலில் தீர்த்தத்தை இறக்கிவிட்டு வந்திருந்த பெண்களே மரத்துக்கு இருவராகத் தோளில் சுமந்துவந்தார்கள். காலையில் குடத்தோடு வந்த அதே சாலையில், அதே மஞ்சள் சேலைகளோடு, வரிசை கலையாமல் வந்தார்கள். "காலைல எங்களுக்கு நீங்க ஒதுங்குனீங்க. இப்ப நீங்க ஒதுங்க வேண்டாம், நாங்களே வாரோம்!" என்று முன்னால் வந்தவர் சொல்ல, பின்வரிசைகளில் சிரிப்பு ஓடியது. வேலுமணி ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்தார். உளுத்திருந்த ஏழு மரங்களைத் தள்ளினார், அறுபத்திரண்டை எடுத்துக்கொண்டார்.

பள்ளத்துக்குக் குறுக்கே ஓர் அடுக்கு. அதன்மேல் நெடுக்கே ஓர் அடுக்கு. கயிறால் இறுக்கிக் கட்டி, மேலே இரும்புத் தகடு. அதன்மேல் ஜாக்கி நின்றது. வேலுமணி தானே அதன் பிடியை அழுத்தினார். அழுத்துவார், நிறுத்துவார், மஞ்சுளா விரலைச் சொல்வாள், மறுபடி அழுத்துவார். ஒன்று, ஒன்றரை, இரண்டாயிற்று. இரண்டிலிருந்து நான்குக்கு வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் சாலையில் நின்ற அத்தனை பேரும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல் நின்றார்கள்; கோயில் பூசாரியின் சொல்லுக்குக்கூட அப்படி அடங்கியிருப்பார்களா என்பது ஐயம்.

நான்கரை மணிக்கு முதல் தூறல் விழுந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வின்ச் மறுபடி முனகியது. சவுக்கு மரங்கள் கிறீச்சிட்டன, வளைந்தன, தாங்கின. "அஞ்சு! ஏழு! எட்டு!" கடைசி அச்சு தார்ச்சாலையின் விளிம்பைத் தொட்டு, ஏறி, நின்றது. அதன்பின் மற்றவை ஒவ்வொன்றாக ஏறின. நான்கு ஐம்பத்திரண்டுக்கு வண்டி முழுவதும் சாலையில் இருந்தது. நூல் நேராகத் தொங்கியது.

மஞ்சுளா மின்மாற்றியின் பக்கவாட்டுக்குப் போனாள். கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தாள். வட்டம் வெள்ளையாக இருந்தது. அவள் கூப்பிடாமலே சென்றாயன் வந்து பார்த்தார், அங்காளம்மாள் பார்த்தார், ஒருவர் பின் ஒருவராகக் கூட்டமே வந்து பார்த்தது.

வேலுமணி மட்டும் வரவில்லை. அவர் மழையில் சாக்கின்முன் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது. மறுபடி எண்ணினார். நாற்பதுதான்.

"ஒரு கொக்கி குறையுதுங்க."

"போவுதுங்ணா, மழை புடிச்சுக்கிச்சு!" என்றார் குருமூர்த்தி.

"உங்க கோயில்ல நூத்திருவது கொடம் எடுத்து, நூத்திப்பத்தொம்பது வந்தா, போவுதுன்னு உடுவீங்களா?"

குருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேட இறங்கினார். கொக்கியை மஞ்சள் செடிகளுக்கு நடுவிலிருந்து அங்காளம்மாள் கண்டெடுத்தார். "இந்தாங்க சாமி. இதுக்கும் என்ற காடுதானா கெடச்சுது?" வேலுமணி அதைக் கழுவி, துடைத்து, அதனிடத்தில் வைத்து, நாற்பத்தொன்று என்று சொன்னபின்பே லாரிக் கதவைத் திறந்தார்.

மின்மாற்றி மாலை ஆறு இருபதுக்குத் துணைமின் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது.

மறுநாள் மஞ்சுளா அனுப்பிய அறிக்கையின் முதல் பத்தி, இந்தக் கதையின் முதல் பத்திதான். ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை. அதைப் படித்த அவளுடைய நிறுவனம் அவளையே வழிக்காவல் பொறுப்பில் தொடரச் செய்தது. இனி எந்தக் கனரக டிரெய்லரும் கடப்பாரையும் தூக்குக்குண்டும் இல்லாமல் புறப்படக் கூடாது, குத்திப் பார்க்காமல் ஒரு சக்கரமும் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்றும் விதி செய்தது.

குடமுழுக்கு முடிந்த மறுநாள், செப்டம்பர் 16ஆம் தேதி, கோயில் கமிட்டி கூடியது. பழைய மடையைத் தோண்டி, கல்லும் மண்ணும் இட்டு நிரப்பி, மேலே அடையாளக் கல் நடுவதென்று முடிவானது. அங்காளம்மாளின் இரண்டு வரிசைக்கு ஊரார் அடுத்த நடவுப் பட்டத்தில் மஞ்சள் நட்டுக்கொடுப்பதென்றும், உடைந்த சவுக்கு மரங்களுக்குக் கமிட்டியே பொறுப்பென்றும் எழுதிக்கொண்டார்கள். இனிவரும் விழாக்களில் தீர்த்தக்குடம் சாலை வழியே வராது. வாய்க்கால் கரை வழியே வரும். தீர்மானத்தில் அனைவரும் கையொப்பமிட்டனர்.